படிக்குக் கல் பதிக்கும் முன் ஒரு கணக்கு

வீடு முடிகிற தறுவாயில்தான் படிக்கட்டுக்குக் கல் வாங்கப் போகிறோம். கான்கிரீட் படி அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வார்த்தாகிவிட்டது. அதில் ஏறி இறங்கித்தான் செங்கல்லும் மணலும் சிமெண்டும் மாடிக்குப் போயின. தரைக்கு டைல்ஸ், படிக்குக் கிரானைட் என்று நிறம் பார்க்கிறோம், மெருகு பார்க்கிறோம், சதுர அடிக்கு என்ன விலை என்று பேரம் பேசுகிறோம். அந்தக் கல்லின் கனம் எவ்வளவு, அதன் அடியில் எவ்வளவு கலவை போகும், தரை எவ்வளவு உயரும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்பவர்கள் குறைவு. படிக்கட்டில் ஏறுபவர் தடுக்கி விழுவாரா மாட்டாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இந்த மூன்று கேள்விகள்தான். முடிந்த படிக்கட்டில் எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அப்படி இருக்க வேண்டுமானால், கல்லின் கனத்தைச் சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்பே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பிறகு எடுத்தால், எவ்வளவு கைதேர்ந்த கொத்தனார் வந்தாலும் சில பிழைகளைத் திருத்தவே முடியாது. இதை உடலியலும் கூட்டல் கழித்தலும் சேர்ந்து நிறுவுகின்றன.

முதலில் உடல். சமதரையில் நடப்பவர் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைப்பதில்லை. படியிலும் அப்படித்தான். படிக்கட்டின் தொடக்கத்தில் கண் ஒரு கணிப்பைத் தருகிறது. இரண்டு மூன்று படி ஏறியதும் கால்கள் அந்த உயரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதன்பின் பார்வை கால் வைக்கும் படியில் நிற்பதில்லை, சில படிகள் முன்னே போய்விடுகிறது. கால் எவ்வளவு தூக்கப்பட வேண்டும் என்பதை மூளை முந்தைய படியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதில் சிக்கனமும் இருக்கிறது. தேவைக்கு மேல் காலைத் தூக்குவது வீண் உழைப்பு என்பதால், ஏறும்போது கால்விரல் நுனி படியின் விளிம்பைச் சில சென்டிமீட்டர் இடைவெளியில்தான் கடக்கிறது. களைத்தவருக்கும் முதியவருக்கும் அந்த இடைவெளி இன்னும் சுருங்கலாம். ஆகவே ஒரு படி மட்டும் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், இருக்கிற இடைவெளியின் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடுகிறது. கால் இடறுவதற்குக் கவனக்குறைவு தேவையில்லை. சாதாரணமாக நடந்தாலே போதும்.

இறங்கும்போது ஆபத்து இதைவிடக் கூடுதல். ஏறுபவர் தடுக்கினால் எதிரே உள்ள படியில் கையூன்றலாம். இறங்குபவருக்கு எதிரே வெற்றிடம்தான் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மெல்வில் ஜோன்ஸும் வாட்டும் 1971இல் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே முக்கியம். ஒருவர் ஒரு படி கீழே இறங்கும்போது, பாதம் தரையைத் தொடுவதற்கு முன்னதாகவே கெண்டைக்கால் தசை இயங்கத் தொடங்கிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது எப்போது தரை வரும் என்பதை உடல் முன்கூட்டியே கணித்து, காலைத் தயாராக வைத்துக்கொள்கிறது. எதிர்பாராமல் கீழே விழவிட்டபோது தசையில் முதல் மின் எதிர்வினை தோன்றச் சுமார் 75 மில்லிசெகண்ட் ஆனது. தசையில் விசை திரள்வது அதற்கும் பிறகுதான். இப்போது கடைசிப் படி எதிர்பார்த்ததைவிட 40 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பின்காலின் பிடியை ஒதுக்கிவிட்டு, உடல் தடையில்லாமல் விழுவதாகக் கணக்கிட்டால், அந்தக் கூடுதல் தூரத்தைக் கடக்க 90 மில்லிசெகண்ட் ஆகும். பின்கால் ஓரளவு தாங்கினால் நேரம் சற்று நீளும். எப்படிப் பார்த்தாலும், தவறு நடந்தது என்று உடல் உணர்ந்து திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறியது. முழங்காலும் இடுப்பும் அதிர, உடல் முன்னே சாய்கிறது. இளைஞர் சமாளித்துவிடுவார். எலும்பு தேய்ந்த முதியவருக்கு அது இடுப்பு முறிவாகலாம்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதற்குக் கண்கூடான சான்றும் உண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டை 2012இல் டீன் பீட்டர்சன் என்ற திரைப்படக் கலைஞர் படம்பிடித்தார். அதில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலத்தின் சிறு பங்கு உயரமாக இருந்தது. வயதானவர், இளைஞர், பையைத் தூக்கியவர், கைவீசி வந்தவர் என்று ஒருவர் பின் ஒருவராக அதே படியில் இடறுவது அந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறது. படம் பரவியதும் நிர்வாகம் அந்தப் படிக்கட்டை மூடிச் சரிசெய்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அது அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற படிக்கட்டு. பழக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள் என்றால் குற்றம் இடறியவரிடம் இல்லை, படியில் இருக்கிறது.

அப்படியானால் படிக்குச் சரியான உயரம் எது? இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது, அது தேவையுமில்லை. பிரான்சின் அரச கட்டடக்கலைக் கழகத்தை வழிநடத்திய பிரான்சுவா புளோந்தெல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி சொன்னார்: படி உயரத்தின் இரு மடங்கோடு மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு வர வேண்டும். இன்றைய அளவில் அது 60 முதல் 65 சென்டிமீட்டர். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படி உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. இந்த எல்லைக்குள் 150 ஆனாலும் 165 ஆனாலும் 175 ஆனாலும் கால் ஏற்றுக்கொள்ளும். அமெரிக்க வீடுகளுக்கான விதித்தொகுப்பு இன்னொன்றையும் திட்டவட்டமாகச் சொல்கிறது: ஒரே படிக்கட்டில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே எட்டில் மூன்று அங்குலத்துக்கு, அதாவது 9.5 மில்லிமீட்டருக்கு, மேல் வேறுபாடு கூடாது. உயரத்துக்குத் தாராளமாக இடம் விட்ட விதி, வேறுபாட்டுக்குச் சுண்டுவிரல் அகலம்கூட இடம் தரவில்லை. உடலால் எந்த உயரத்துக்கும் பழக முடியும், கலப்பட உயரத்துக்குப் பழக முடியாது என்பதே இதன் பொருள்.

இனி கணக்குக்கு வருவோம். நம் வீடுகளில் படிக்கட்டு முதலில் சாய்வான கான்கிரீட் தளமாக வார்க்கப்படுகிறது. அதனோடு சேர்த்தே படிகளும் வார்க்கப்படும், அல்லது பின்னர் செங்கல் வைத்துக் கட்டப்படும். அந்த நிலையில் எல்லாப் படிகளும் 150 மில்லிமீட்டர் என்று கொள்வோம். எல்லாவற்றின்மீதும் ஒரே கனத்தில் கல் பதித்தால், நடுவிலுள்ள படிகள் எல்லாம் சேர்ந்து உயர்வதால் அவற்றின் உயரம் மாறாது. மாறுவது இரண்டு முனைகளில்தான். முதல் படியின் உயரத்தோடு படிக்கல்லின் கனம் கூடுகிறது, கீழ்த்தரையின் கனம் கழிகிறது. கடைசிப் படியில் மேல்தளத்தின் கனம் கூடுகிறது, படிக்கல்லின் கனம் கழிகிறது. இங்கே கனம் என்றால் கல்லும் அதன் அடிக் கலவையும் சேர்ந்த மொத்தம். தரையும் படியும் ஒரே கனத்தில் உயர்ந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. தரை 50 மில்லிமீட்டரும் படி 40 மில்லிமீட்டரும் உயர்ந்தால், முதல் படி 140 ஆகும், கடைசிப் படி 160 ஆகும். மொட்டைமாடியில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கும்போது மட்டம் 100 மில்லிமீட்டர் வரை உயர்வதுண்டு. படிக்கட்டு நேராக அந்த மட்டத்தில் போய் முடிந்தால் கடைசிப் படி 210 மில்லிமீட்டர். கொத்தனார் ஒரு நூலளவும் பிசகாமல் வேலை செய்திருந்தாலும் இந்தப் பிழை வந்தே தீரும்.

மிகக் கடுமையான பிழை பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது நேர்கிறது. கூடத்தில் மொசைக் தரை நன்றாக இருக்கிறது, படியில் மட்டும் ரெட் ஆக்சைடு வெளுத்து விளிம்பு உடைந்திருக்கிறது என்பதற்காகப் படிக்கு மட்டும் கிரானைட் போடுகிறோம். 18 மில்லிமீட்டர் கல்லும் 22 மில்லிமீட்டர் கலவையும் சேர்ந்து 40. தரை உயரவில்லை. இருபது படிகள் 3,000 மில்லிமீட்டர் ஏறுகிற வீட்டில் முதல் படி 190 ஆகிறது, நடுவில் பதினெட்டுப் படிகள் 150, கடைசிப் படி 110. கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்லக்கூடும். முடியாது. பதிக்கிற பொருளின் குறைந்தபட்சக் கனம் 20 மில்லிமீட்டர் என்றால், முதல் மிதி எந்த வகையிலும் 170க்குக் கீழே வராது, மேலேயிருந்து இரண்டாவது மிதி எந்த வகையிலும் இருக்கிற மட்டத்தைவிட 20 உயர்ந்தே நிற்கும், ஆகவே கடைசிப் படி 130ஐத் தாண்டாது. நடுவில் என்ன செய்தாலும் முதலுக்கும் கடைசிக்கும் இடையே 40 மில்லிமீட்டர் வேறுபாடு நிலைக்கும். பொதுவாகச் சொன்னால், வேறுபாடு பதிக்கும் கனத்தின் இரு மடங்கு. அதை 9.5 மில்லிமீட்டருக்குள் அடக்க வேண்டுமென்றால் கனம் ஐந்து மில்லிமீட்டரைத் தொடக் கூடாது. கல்லுக்கும் டைல்ஸுக்கும் அது சாத்தியமில்லை. மெல்லிய பூச்சுக்குத்தான் சாத்தியம். எனவே அந்த வீட்டில் நேர்மையான வழிகள் மூன்றுதான்: பழைய படியைத் தேய்த்து மெருகேற்றிப் பூச்சு கொடுப்பது, செங்கல்லால் கட்டிய படியானால் அந்தச் செங்கல்லை எடுத்துவிட்டு மட்டம் இறக்கிக் கட்டுவது, அல்லது இரண்டு தளங்களின் தரையையும் அதே 40 மில்லிமீட்டர் உயர்த்துவது. கான்கிரீட்டோடு சேர்த்து வார்த்த படியைக் கொத்தி இறக்கப் பார்ப்பது கம்பியின் மேலுள்ள காப்பைக் குறைத்துவிடும். பொறியாளரைக் கேட்காமல் அதில் உளி வைக்கக் கூடாது.

இந்தக் கணக்கு கான்கிரீட்டுக்கு மட்டும் உரியதில்லை. மரச்சட்டத்தில் வீடு கட்டும் அமெரிக்காவில் படிக்கட்டின் இருபுறமும் சாய்வாக நிற்கும் மரங்களைப் பல் பல்லாக வெட்டி, கட்டுமானம் முடியும்வரை அதன்மீது சாதாரணப் பலகைகளைத் தற்காலிகமாக ஆணியடித்து வைக்கிறார்கள். கடைசியில் அவற்றை எடுத்துவிட்டு, ஓர் அங்குலக் கனமுள்ள ஓக் பலகைகளைப் பொருத்துகிறார்கள். அங்குள்ள தச்சர் பழகும் முதல் பாடங்களில் ஒன்று, பலகையின் கனத்தைச் சாய்வு மரத்தின் அடியில் கழித்து வெட்டுவது. தரையின்மீது பின்னால் வேறொரு பலகை வரப்போகிறது என்றால் அந்தக் கனத்தையும் சேர்த்துக்கொள்வார். வெட்டிய மரத்தை நிறுத்திப் பார்த்தால் முதல் பல் மட்டும் குட்டையாகத் தெரியும். முழுப் படிக்கட்டும் முடிந்தபின் எல்லாம் சமமாகிவிடும். நம் ஊரிலும் இதே நியாயம்தான். கூடத்துத் தரை 100 மில்லிமீட்டர் உயரப்போகிறது, படி 50 மில்லிமீட்டர்தான் உயரப்போகிறது என்றால், கான்கிரீட்டில் முதல் படியை 200 ஆக வார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு அது கோணலாகத் தெரியும். ஆனால் கான்கிரீட் நிலையில் அழகாகத் தெரிய வேண்டிய அவசியம் படிக்கட்டுக்கு இல்லை. கால் படப்போவது கல்லில்.

பதிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கீழிருந்து தொடங்கி, பதித்த படியிலிருந்து அடுத்த படியை அளந்து போனால் பிழைகள் குவியும். ஒவ்வொரு படியிலும் 3 மில்லிமீட்டர் கூடினால் பத்தாவது படியில் 30 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும், அந்த முழுச் சுமையும் கடைசிப் படியின் தலையில் விழும். சரியான வழி வேறு. டியூப் மட்டம் பிடித்து, முடிந்த கீழ்த்தரையின் மட்டத்தையும் முடிந்த மேல்தளத்தின் மட்டத்தையும் சுவரில் முதலில் குறிக்க வேண்டும். இடையிலுள்ள உயரம் 3,012 மில்லிமீட்டர், படிகள் இருபது என்றால் ஒவ்வொன்றும் 150.6. இப்போது நேரான ஒரு மரக்கோலை எடுத்து, அதன் அடிமுனையிலிருந்தே 150.6, 301.2, 451.8 என்று வரிசையாகக் குறித்து, அந்தக் குறிகளைச் சுவருக்கு மாற்ற வேண்டும். டேப்பை ஒரே புள்ளியில் பிடித்தபடி எல்லாக் குறிகளையும் இட வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் டேப்பை நகர்த்தக் கூடாது. லேண்டிங்கின் மட்டமும் இதே கோலிலிருந்து வர வேண்டும். அப்போது ஒரு படியில் பிசகு நேர்ந்தாலும் அது அந்தப் படியோடு நின்றுவிடும், அடுத்ததற்குத் தொற்றாது. கான்கிரீட் படிகள் ஒன்றுக்கொன்று பத்து மில்லிமீட்டர் முன்பின்னாக இருப்பது சகஜம். அதைக் கலவை வாங்கிக்கொள்ளும்: ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 32. கல்லின் மேல்பரப்பு சுவரில் உள்ள கோட்டுக்கு வந்தால் போதும். கல்லை வைத்துத் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி கேட்டால் அதை எடுத்துவிட்டு மறுபடி கலவை போட வேண்டும். முன்விளிம்பின் அடியில் காலியிடம் இருந்தால், கனமான பொருள் விழுந்த அன்று கல் அங்கேதான் உடையும்.

அகலத்தைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. மேலே வரும் கல்லை நிமிர்ந்த முகத்துக்கு வெளியே 20, 25 மில்லிமீட்டர் நீட்டினால் படி அகலமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாப் படிகளும் அதே அளவு நீளுவதால், ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் இடையிலான தூரம் மாறாது. ஏறும்போது கால்விரலுக்கு உள்ளே சற்று இடம் கிடைக்கும், அவ்வளவுதான். வழுக்கலைப் பொறுத்தவரை, மெருகேற்றிய கிரானைட் ஈரத்தில் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விளிம்பை ஒட்டிச் சொரசொரப்பான பட்டையோ காடியோ வெட்டினால் பிடிமானம் கிடைக்கும், விளிம்பும் கண்ணுக்குத் தெரியும். வழுக்கலைக் குடியேறிய பிறகும் குறைத்துக்கொள்ளலாம். உயரப் பிழையை அப்படிக் குறைக்க முடியாது. ஆகவே இரண்டில் முதலில் கவலைப்பட வேண்டியது உயரத்தைப் பற்றி.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிடும் என்பது. ஓரளவு பழகும். ஆனால் பழக்கம் என்பது நினைவில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும் காவல். துணி மூட்டையை மார்போடு அணைத்து இறங்குபவருக்குத் தன் பாதம் தெரியாது. நள்ளிரவில் மின்சாரம் போனபோது யாருக்கும் தெரியாது. விருந்துக்கு வந்தவருக்கு அந்த வீட்டின் ரகசியமே தெரியாது. புரூக்ளின் நிலையத்தின் அன்றாடப் பயணிகளையும் இங்கே நினைவுகூரலாம். இரண்டாவது மறுப்பு வலுவானது: மலைக்கோயில்களின் பாறைப் படிகளில் இரண்டு படிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, முதியவர்களும் ஏறத்தானே செய்கிறார்கள்? உண்மைதான். அந்தப் படிகளின் ஒழுங்கின்மை முதல் பார்வையிலேயே தெரிகிறது. அதனால் ஏறுபவர் ஒவ்வோர் அடியையும் பார்த்து, வேகம் குறைத்து, பக்கத்தில் உள்ளவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். கால் அங்கே கணிப்பை நம்புவதில்லை. வீட்டுப் படிக்கட்டின் ஆபத்து, அது ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றி, பதினெட்டுப் படிகளில் நம்பிக்கை ஊட்டி, பத்தொன்பதாவதற்குப் பிறகு கைவிடுவது. வெளிப்படையான கரடுமுரடைவிட மறைந்திருக்கும் சிறு வேறுபாடு தீங்கானது.

கைப்பிடி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கைப்பிடி அவசியம், ஆனால் அது தடுக்கிய பிறகு உதவும் கருவி; தடுக்காமல் இருக்க உதவுவது சீரான படி. கடைசியாக, நடைமுறைச் சிரமம் ஒன்றைச் சொல்வார்கள்: சென்ட்ரிங் அடிக்கும்போது எந்தக் கல் வாங்குவோம் என்று யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டியதில்லை. தரைக்கும் படிக்கும் ஒரே கனம், உதாரணமாக 50 மில்லிமீட்டர், என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டால் போதும். பின்னால் 10 மில்லிமீட்டர் டைல்ஸ் வாங்கினால் அடியில் 40 கலவை. 18 மில்லிமீட்டர் கிரானைட் வாங்கினால் 32 கலவை. பொருள் மாறினாலும் மட்டம் மாறாது. இதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாவதில்லை, ஒரே ஒரு எண்ணை முன்கூட்டியே முடிவுசெய்தால் போதும்.

உலகில் விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கீழே விழுதல். எல்லா வகை விழுதல்களையும் சேர்த்து ஆண்டுக்கு 6,84,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அதில் படிக்கட்டுகளின் பங்கைக் குறைப்பது மருத்துவரின் கையில் இல்லை. வீடு கட்டுபவர், பொறியாளர், மேஸ்திரி ஆகிய மூவர் கையில்தான் இருக்கிறது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் படிக்குச் சென்ட்ரிங் அடிக்கும் நாளில் பொறியாளரிடம் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: கீழ்த்தரை எவ்வளவு உயரும், படி எவ்வளவு உயரும், மேல்தளம் எவ்வளவு உயரும். கல் பதிக்கும் நாளில் சுவரில் கோடு போட்டாயிற்றா என்று பாருங்கள். வேலை முடிந்து கூலியின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து எல்லாப் படிகளையும் அளங்கள். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் பத்து மில்லிமீட்டருக்குள் அடங்கினால் அது நல்ல படிக்கட்டு. அடங்காவிட்டால், கல் எவ்வளவு பளபளத்தாலும் வேலை இன்னும் முடியவில்லை.